அறுபத்தொரு தடவை கேட்கிற சர்வர்

நசரத்பேட்டையில் இரண்டு பெரிய சாலைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒன்று, பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை. பழைய எண் 4, இப்போது 48. இன்னொன்று, வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை. இது மாநில அரசுடையது. முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், சுங்கச்சாவடியில் அந்த ஒட்டுச்சீட்டைப் படித்த பிறகு பின்னால் நடக்கும் வேலை எல்லாச் சாவடியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்த வித்தியாசம் 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது.

அந்த மாதம் 17-ஆம் தேதி முதல் ஒரு புதிய விதி வருவதாக இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ, அறிவித்திருந்தது. சாவடியில் டேக்கைப் படிப்பதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே அது கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரைக்கும் அதே நிலையில் இருந்தால், பணம் எடுக்க முடியாது. ‘சாவடி வரிசையில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்ய முடியாதா?’ என்று வண்டிக்காரர்கள் கொதித்தார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உடனே விளக்கம் கொடுத்தது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் ஐசிடி 2.5 என்ற நெறிமுறையில் இயங்குகின்றன, டேக்கின் நிலையை அந்தக் கணத்திலேயே கேட்டு அறிகின்றன, ஆகவே சாவடியைத் தாண்டும்வரை எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம் என்றது. மாநில நெடுஞ்சாலைகளில் சில சாவடிகள் மட்டும் இன்னும் பழைய ஐசிடி 2.4-இல் இருக்கின்றன, அவற்றுக்கு டேக் நிலவரத்தை அவ்வப்போது புதுப்பித்து அனுப்பவேண்டியிருக்கிறது என்றும் சொன்னது.

ஆக, ஒரு சாவடி ஒவ்வொரு வண்டிக்கும் மையத்தைக் கேட்கிறது. இன்னொன்று, சிக்கலான டேக்குகளின் பட்டியலை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. முதலாவதில் தகவல் புதிது, பயணங்கள் அதிகம். இரண்டாவதில் பயணம் குறைவு, தகவல் பழசாகிவிடும். நான் எழுத வந்த விஷயம் சுங்கச்சாவடி இல்லை. வெப் ஏபிஐ எழுதுகிற ஒவ்வொருவரும் தினமும் இதே முடிவைத்தான் எடுக்கிறார்கள். பெரும்பாலும் எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுக்கிறார்கள்.

இந்த நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஏதோ ஒரு கல்லூரியில், இறுதியாண்டு மாணவர்கள் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 60 பேர். வகுப்பாசிரியை முதல் பீரியடில் கைப்பேசியைத் திறந்தால், 60 பெயர்களும் பக்கத்தில் இதுவரை எத்தனை சதவீத வருகை என்பதும் தெரியவேண்டும். மாணவர் எழுதும் நிரல் எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் இருக்கும். பிரிவின் மாணவர்களை எடு. ஒவ்வொரு மாணவருக்கும், அவருடைய வருகையை எடு. பட்டியலாக அனுப்பு. மூன்றே வரி, ஒரு வரியிலும் தவறில்லை.

சோதனைக்கு ஐந்து மாணவர்களின் பெயரைப் போட்டுப் பார்த்தால் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வரும். 60 பேரைப் போட்டு, டேட்டாபேஸை மும்பையில் இருக்கும் ஒரு கிளவுடில் வைத்த அன்றுதான் பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். ‘மேடம், நெட் ஸ்லோவா இருக்கு’ என்பது முதல் சமாதானம். ‘டேட்டாபேஸ் தாங்கல, பெரிய சர்வர் வேணும்’ என்பது இரண்டாவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் அண்ணனிடம் கேட்டால், அவர் சர்வரைப் பற்றிப் பேசவே மாட்டார். ‘லாக் ஆன் பண்ணிட்டு, ஒரு பக்கத்துக்கு எத்தனை கொயரி போகுதுன்னு எண்ணிப் பாருடா’ என்பார்.

எண்ணிப் பார்த்தால் லாகில் இப்படி ஓடும். முதல் வரியில் ‘செலக்ட், மாணவர் அட்டவணையிலிருந்து, பிரிவு எண் 4.’ அடுத்த வரியில் ‘செலக்ட், வருகை அட்டவணையிலிருந்து, மாணவர் எண் 401.’ அடுத்தது அதே கொயரி, மாணவர் எண் 402. பிறகு 403. இப்படியே 460 வரைக்கும் திரையை நிறைத்துக்கொண்டு போகும். ஒன்றுக்கு அறுபது சேர்த்து 61 கொயரி. ஒவ்வொரு மாணவரும் எந்தக் கல்லூரிப் பேருந்தில் வருகிறார் என்பதையும் அதே பக்கத்தில் காட்டச் சொன்னால் 121. தொழிலில் இதற்கு ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்று பெயர்.

இதில் ஒவ்வொரு கொயரியும் தன்னளவில் மிக வேகமானது என்பதுதான் வேடிக்கை. இண்டெக்ஸ் ஒழுங்காக இருந்தால், ஒரு மாணவரின் வருகையை எடுக்க டேட்டாபேஸுக்கு ஒரு மில்லிசெகண்டில் சிறு பகுதி போதும். மீதி நேரமெல்லாம் போக்குவரத்துக்குப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர குறைந்தது 10 மில்லிசெகண்ட், இது இயற்பியல் போட்ட எல்லை. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரௌட்டர்கள் வேறு இருக்கின்றன. ஆகவே நடைமுறையில் 20 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். 61 முறை போய்வந்தால் 1.2 நொடி. 121 முறை என்றால் 2.4 நொடி. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இந்த எண் குறையாது, ஏனென்றால் சர்வர் அந்த நேரத்தில் வேலையே செய்யவில்லை. காத்துக்கொண்டிருக்கிறது.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி எடுக்க அடுக்களைக்கு ஓடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது.

செயலியும் டேட்டாபேஸும் ஒரே கட்டடத்தில், ஒரே தரவு மையத்தில் இருந்தால் ஒரு நடை அரை மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அப்போது 61 கொயரியும் 30 மில்லிசெகண்ட்தான், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கொயரிக்கும் டேட்டாபேஸ் அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கவேண்டும், திட்டம் போடவேண்டும், பதிலைப் பொட்டலம் கட்டவேண்டும். அதுவரை ஒரு இணைப்பு வேறு யாருக்கும் கிடைக்காமல் பிடிபட்டிருக்கும். காலை முதல் பீரியடில் முப்பது வகுப்பாசிரியைகள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் 1,830 கொயரி. இணைப்புகள் தீர்ந்துபோய், மற்றவை வரிசையில் நிற்க ஆரம்பிக்கும்.

இப்படி எழுதுவதற்கு மாணவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. இதற்கு வசதி செய்து கொடுத்தவை ஓஆர்எம் கருவிகள். ஜாவாவில் ஹைபர்நேட், பைத்தானில் ஜாங்கோ, ரூபியில் ரெயில்ஸ் எல்லாம் அட்டவணையைப் பொருளாகக் காட்டுகின்றன. மாணவர் என்ற பொருளுக்கு ஒரு புள்ளி வைத்து வருகை என்று எழுதினால் போதும், தேவைப்படும் நேரத்தில் அது தானே டேட்டாபேஸுக்குப் போய் எடுத்துக்கொண்டு வரும். பார்த்தால் நினைவகத்தில் உள்ள ஒன்றைத் தொடுவது போலிருக்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் மும்பைக்கு ஒரு நடை இருப்பது நிரலைப் படிக்கிறவர் கண்ணில் படாது. சௌகரியத்துக்காகச் செலவை மறைத்த வடிவமைப்பு இது என்பது என் கருத்து. அதே கருவிகளே மாற்றுவழியும் தருகின்றன. ஜாங்கோவில் ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’ 2012-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ரெயில்ஸில் ‘இன்க்லூட்ஸ்’. அவற்றை எழுதவேண்டும் என்று நினைவு வரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாற்றுவழி உள்ளே என்ன செய்கிறது? முதல் கொயரியில் 60 மாணவர்களை எடுக்கிறது. அவர்களின் எண்களையெல்லாம் ஒரு பட்டியலாகத் திரட்டி, ‘மாணவர் எண் இந்த 60-க்குள் ஒன்றாக இருக்கும் வருகைகளைக் கொடு’ என்று இரண்டாவது கொயரியை அனுப்புகிறது. வந்த வரிசைகளைச் செயலியின் நினைவகத்திலேயே மாணவர் எண்படி பிரித்து அவரவரிடம் சேர்க்கிறது. 61 நடை 2 ஆகிவிட்டது. மும்பைக் கணக்கில் 40 மில்லிசெகண்ட்.

‘ஜாயின் போட்டால் ஒரே கொயரியில் முடியுமே?’ என்று எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மாணவருக்கு ஒரு பேருந்து என்பது போன்ற உறவுக்கு ஜாயின்தான் சரி. ஒருவருக்குப் பல என்ற உறவு இரண்டு சேர்ந்தால் கதை மாறிவிடும். 60 மாணவர், ஒவ்வொருவருக்கும் 30 நாள் வருகை, 6 பாடங்களின் மதிப்பெண். மூன்றையும் ஒரே ஜாயினில் கோத்தால், ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் ஜோடி சேர்ந்து 10,800 வரிசை வரும். தனித்தனியாக மூன்று கொயரியில் எடுத்தால் 60, 1,800, 360 என மொத்தம் 2,220 வரிசை. நடை குறைந்ததே என்று சந்தோஷப்படும்போது சுமை ஐந்து மடங்காகிவிட்டிருக்கும்.

பக்கம் பெரிதாகி, அதன் ஒவ்வொரு மூலையையும் வேறொருவர் எழுதும்போது ‘முன்கூட்டியே திரட்டு’ என்று சொல்வது கடினமாகிறது. வருகை எழுதினவருக்கு, பேருந்துப் பகுதி எழுதினவர் என்ன கேட்கிறார் என்று தெரியாது. ஃபேஸ்புக்கில் இந்தத் தலைவலிக்கு நிக் ஷ்ராக் 2010-இல் ‘லோடர்’ என்ற ஒன்றை எழுதினார். அதே யோசனையை லீ பைரன் ஜாவாஸ்கிரிப்டில் ‘டேட்டாலோடர்’ என்ற பெயரில் 2015-இல் வெளியுலகுக்குக் கொடுத்தார். கிராஃப்க்யூஎல் பொதுவெளிக்கு வந்ததும் அதே ஆண்டுதான். கிராஃப்க்யூஎல்லில் கேட்பவர் தனக்கு வேண்டியதை அடுக்கடுக்காகக் கேட்கலாம் என்பதால் என் பிளஸ் ஒன் அங்கே தானாகவே முளைக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்தே புழங்குகின்றன.

டேட்டாலோடர் செய்வது சின்னத் தந்திரம். ‘401-இன் வருகை வேண்டும்’ என்று நிரலின் ஒரு மூலை கேட்டதும் அது ஓடுவதில்லை. குறித்துக்கொண்டு, ‘தருகிறேன்’ என்று ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறது. 402, 403 என்று மற்ற மூலைகளும் கேட்கக் கேட்கக் குறித்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கையிலுள்ள சில்லறை வேலைகளை முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும் கணத்தில், குறித்ததையெல்லாம் ஒரே கொயரியாக அனுப்பிவிடுகிறது. கேட்டவர் யாருக்கும் மற்றவர் கேட்டது தெரியவேண்டியதில்லை.

இதைப் பயன்படுத்துகிறவர் ஒரு நிபந்தனையைக் கட்டாயம் காப்பாற்றவேண்டும். டேட்டாலோடர் எந்த வரிசையில் எண்களைக் கொடுத்ததோ அதே வரிசையில், அதே எண்ணிக்கையில் பதில் வரவேண்டும். 403, 401, 407 என்று கேட்டால் டேட்டாபேஸ் 401, 403 என்று தன் போக்கில் கொடுக்கும். 407-க்குப் பதிவே இல்லையென்றால் இரண்டே வரிசைதான் வரும். அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் 401-இன் வருகை 403-இன் பெயருக்கு நேரே போய் உட்காரும். பிழைச்செய்தி எதுவும் வராது. 75 சதவீத வருகை இல்லாதவருக்குத் தேர்வு அனுமதிச்சீட்டு கிடைத்து, இருப்பவருக்குக் கிடைக்காமல் போகும். வந்ததை எண்படி அடுக்கி, இல்லாத இடத்தில் வெற்று வைத்துக் கொடுப்பது நான்கு வரி வேலை. ஒரு கோரிக்கைக்கு ஒரு லோடர் என்பதும் அதே அளவு முக்கியம். ஒருமுறை எடுத்ததை லோடர் நினைவில் வைத்துக்கொள்ளும். அதையே எல்லாப் பயனருக்கும் பொதுவாக வைத்தால் ஒரு பெற்றோர் பார்க்கவேண்டியது இன்னொரு பெற்றோர் திரையில் வரலாம்.

எழுதும் பக்கத்தில் லாபம் இன்னும் அதிகம். வாசிப்புக்குப் பெரும்பாலும் நடைதான் செலவு. எழுத்துக்கு ஒவ்வொரு கமிட்டின்போதும் தரவு உண்மையில் வட்டில் பதிந்துவிட்டதா என்று டேட்டாபேஸ் காத்திருந்து உறுதி செய்யவேண்டும். எஸ்க்யூலைட்டின் சொந்த ஆவணமே இதைச் சொல்கிறது: சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000-க்கும் மேல் இன்சர்ட் செய்ய முடியும், ஆனால் பரிவர்த்தனை என்றால் நொடிக்குச் சில டஜன்தான். சுழலும் வட்டு அடுத்த சுற்று வரும்வரை காத்திருப்பதுதான் காரணம். எஸ்எஸ்டி வந்தபின் இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. 60 பேரின் இன்றைய வருகையை 60 பரிவர்த்தனையாக எழுதுவதும் ஒரே பரிவர்த்தனையில் எழுதுவதும் ஒன்றாகாது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. ஆரக்கிளில் ஒரு ‘இன்’ பட்டியலில் 1,000 உறுப்புக்கு மேல் கூடாது என்ற வரம்பு பல்லாண்டு இருந்தது. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு கோரிக்கைக்கு 2,100 அளவுருக்கள் என்பது உச்சம். போஸ்ட்கிரெஸில் 65,535. அந்த எண்ணிக்கையைச் சொல்ல நெறிமுறை 16 பிட்தான் ஒதுக்கியிருக்கிறது. போஸ்ட்கிரெஸில் எண்களை ஒரே அணியாக, ஒரே அளவுருவாக அனுப்பிவிட்டால் இந்த வம்பே இல்லை. 60 எண்ணுக்கு ஒரு கொயரி, 61 எண்ணுக்கு வேறொரு கொயரி என்று டேட்டாபேஸ் புதிதாகத் திட்டம் போடுவதும் தவிர்ந்துவிடும். வரம்பு இடித்துக்கொள்ளும் முன்பே வேறு தொல்லைகள் வரும். பெரிய மூட்டை நெடுநேரம் பூட்டுகளைப் பிடித்துவைக்கும். ஒரு பதிவில் பிழையிருந்தால் மூட்டை மொத்தமும் திரும்பிவரும். சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோவின் சிஆர்எம் ஏபிஐ, ஒரு அழைப்பில் 100 பதிவு வரைக்கும்தான் வாங்கிக்கொள்கிறது. பதிலில் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக வெற்றி, தோல்வி சொல்கிறது. 37-ஆவது பதிவில் கைப்பேசி எண் தவறென்றால் மற்றவை தப்பித்துவிடும். பொது ஏபிஐ வடிவமைக்கிறவர்கள் காப்பியடிக்கத் தகுந்த வழக்கம்.

சேர்த்து அனுப்ப எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கேள்வி இணையத்தின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. 1984 ஜனவரியில் ஜான் நேகிள் ஒரு சிறு ஆவணம் எழுதினார். விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டோடு 40 பைட் தலைப்பும் சேர்ந்து 41 பைட் பொட்டலமாகப் போகிறது, இது வலையமைப்பை அடைத்துவிடும் என்றார். முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வரும்வரை அடுத்த எழுத்துகளைச் சேர்த்துவைத்து அனுப்பு என்பது அவர் தந்த தீர்வு. அப்போது அவர் வேலை செய்தது ஃபோர்டு ஏரோஸ்பேஸில். நமக்கு மறைமலைநகரில் கார் செய்து காட்டிய அதே ஃபோர்டின் இன்னொரு கிளை. நேகிளின் முறை இன்றும் இணையத்தின் டிசிபி நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் உடனடிப் பதில் வேண்டிய செயலிகள் அதை அணைத்துவைக்கின்றன. மறுமுனை ஒப்புகையைத் தாமதிக்கும் வழக்கத்தோடு இது சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். டேட்டாலோடரின் சிறப்பு, அது கடிகாரம் பார்த்துக் காத்திருப்பதில்லை. அந்தச் சுற்றில் இனி யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிலை வந்ததும் கிளம்பிவிடுகிறது.

சில்லறைக் கேள்விகள் குவிந்தால் என்னவாகும் என்பதை நாடே 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி பார்த்தது. சனிக்கிழமை, கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்துவிட்டு ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். யூபிஐ பல மணி நேரம் தடுமாறியது. அது பணப் பரிவர்த்தனை கூடியதால் வந்த வினையல்ல. ‘அந்தப் பரிவர்த்தனை என்னவாயிற்று?’ என்று நிலை கேட்கும் ஏபிஐக்குச் சில வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்த கோரிக்கைகள்தான் காரணம் என்றது என்பிசிஐ. பழைய பரிவர்த்தனைகளின் நிலையைக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். பிறகு கட்டுப்பாடு வந்தது. நிலை கேட்பதற்கு முன் சற்றுப் பொறுக்கவேண்டும், இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்புத்தொகை பார்க்க முடியாது. ஒவ்வொரு கேள்வியும் சின்னதுதான். அதனால்தான் யாரும் எண்ணவில்லை.

இருந்தாலும் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் பட்டியலை விட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் கேட்கும் முறைக்கு மாறியது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன, திரட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன் ரீசார்ஜ் செய்தவரைப் பழைய பட்டியலை வைத்துத் தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். வகுப்புப் பட்டியலில் 60 எண்களும் முதல் கொயரியிலேயே கையில் இருக்கின்றன. கையிலிருப்பதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

ஏபிஐ எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய சர்வருக்குப் பணம் கேட்டு மேலாளரிடம் போவதற்கு முன், ஒரு பக்கத்துக்கு எத்தனை கொயரி போகிறது என்று எண்ணுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியைப் போட்டு, எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற பத்தியின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். வேகமான கொயரி ஒன்று லட்சக்கணக்கில் ஓடியிருந்தால் அதுதான் ஆள். ரெயில்ஸில் புல்லட் என்ற நிரல்தொகுப்பு இதைக் கண்டுபிடித்துச் சொல்லும். ஜாங்கோவில், இந்தப் பக்கத்துக்குச் சரியாக இரண்டு கொயரி போகவில்லையென்றால் சோதனை தோற்கவேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம், ‘அசெர்ட் நம் க்வெரீஸ்’ என்று பெயர். சோதனைத் தரவில் ஐந்து பேரைப் போடாதீர்கள், 60 பேரையும் போடுங்கள்.